வெர்னா லேசில் சிரிக்க மாட்டாள்

எதிர் வீட்டு வெர்னா கோல்மேயரைப் பற்றி எழுத இந்தத் தெருவில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பதினோரு வருடமாக முன்னறை ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரியத்தினால் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். பொறாமைதான். அதை வேறு பெயரில் அழைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

வெர்னா பிறந்து வளர்ந்ததெல்லாம் செயின்ட் லூயிஸ் நகரத்தின் இதே தென்பகுதிதான். பள்ளி முடித்த மறுவாரமே ஷூ தொழிற்சாலையில் சேர்ந்து, முப்பத்தொரு வருடம் கடைசி மேசையில் நின்றாள். தைத்து, ஒட்டி, மெருகேற்றி வரும் ஷூக்களில் இடதையும் வலதையும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் பிசகினாலும் தூக்கிக் கூடையில் போட்டுவிடுவாள். அவள் கூடையில் போட்டதை எந்த மேலாளரும் திரும்ப எடுத்ததில்லையாம். புருஷன் கிளாரன்ஸ் நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். ஒரே மகன் அரிசோனாவில். தொழிற்சாலையை மூடியதும் பெரிய வீட்டை விற்றுவிட்டு எங்களுக்கு எதிரே இருந்த சின்னச் செங்கல் வீட்டுக்கு வந்தாள். வரும்போது தொழிற்சாலை முகத்தையும் கையோடு கொண்டுவந்தாள்.

அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். உதடு அசையாது. கண் மட்டும் எதிராளியை மேலிருந்து கீழே ஒருமுறை அளந்துவிட்டுக் காலில் போய் நிற்கும். சிரிப்பு என்ற ஒன்று அந்தப் பக்கமே வராது.

நானோ நேர்மாறு. பல் டாக்டர் ஒருவரிடம் இருபது வருடம் வாசல் மேசையில் உட்கார்ந்தவள். பயந்துகொண்டு வருகிறவர்களைச் சிரித்துச் சிரித்து உள்ளே அனுப்பி, அதுவே பழகிவிட்டது. தபால்காரர் மழை வரும் என்று சொன்னால்கூடச் சிரிப்பேன். என்னோடு பேசுவது சந்தோஷமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போவார்கள்.

இதெல்லாம் அக்டோபர் கடைசி நாள், ஹாலோவீன் அன்றுதான் பச்சையாகத் தெரியும். மற்ற ஊர்களில் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் பையை நீட்டினால் மிட்டாய் விழுந்துவிடுமாம். கான்சாஸிலிருந்து வந்த என் மருமகள் சொன்னபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அது பிச்சையல்லவா? எங்கள் ஊரில் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். மூன்று வயதுப் பொடிசாக இருந்தாலும் ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருடிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவின் சட்டம். ஒரு வருடம் கெல்லர் வீட்டுப் பெரியவன் தம்பியின் ஜோக்கைத் திருடி முந்திக்கொண்டான். தம்பிக்காரன் அழுதபடி நாலு வீட்டு வாசலில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பூசணிக்காய்களை உதைத்து உடைத்தான். அவனை யாரும் கண்டிக்கவில்லை. திருடியவனின் பையை அம்மாவே தெருவில் கவிழ்த்தாள்.

வெர்னா வந்த முதல் வருடம் சமையலறை நாற்காலி ஒன்றை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் சின்ன டாஃபி, மடியில் பெரிய சாக்லேட் கட்டி. ஜோக் சொன்னால் டாஃபி, அவளைச் சிரிக்க வைத்தால் கட்டி. முதல் பையன் வாசற்படி ஏறினான்.

"எங்க நாய் என் வீட்டுப்பாடத்தைத் தின்னுடுச்சு. டீச்சர் நம்பிட்டாங்க. நாய்க்கு சைபர் போட்டுட்டாங்க."

நான் இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். வெர்னா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "முடிவு நல்லாருக்கு. நடுவுல இழுக்குது. அடுத்தவன் வா" என்று டாஃபியைப் போட்டாள். அவ்வளவுதான், தீர்ந்தது. மறு வருடம் அவள் வாசலிலிருந்து வரிசை நடைபாதை வரை நின்றது. அதற்கடுத்த வருடம் வேறு தெருக்களிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். போன வருடத்துக்கு முன்பு வரை அவள் சிரித்தது மொத்தம் ஆறு தடவை. அந்த ஆறு பிள்ளைகளின் பெயரும் தெருவுக்கே தெரியும். அதில் ஒருவன் இப்போது வக்கீல்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய கட்டிதான். ஜோக் பாதியில் இருக்கும்போதே நான் சிரிக்கத் தொடங்கிவிடுவேன். "தாங்க்ஸ் ஆர்லீன்!" என்று ஓடி, தெருவைக் கடந்து, வெர்னாவின் வரிசைக் கடைசியில் நிற்பார்கள். என் வாசலில் ஒத்திகை, அவள் வாசலில் நாடகம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் புருஷன் நார்ப் இதில் சேராமல் இருந்திருந்தால்.

நார்ப் முப்பது வருடம் ரொட்டிக் கம்பெனி லாரி ஓட்டியவன். வீட்டில் அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்தால் அதிகம். ஆனால் ஹாலோவீன் அன்று குழந்தைகளெல்லாம் போன பிறகு, ஒரு காகிதப் பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடப்பான். தொப்பியைக் கழற்றி வெர்னா முன்னால் நின்று ஜோக் சொல்வான். பதினோரு வருடமும் போனான். ஒரு தடவைகூட அவள் சிரிக்கவில்லை.

"நார்ப், இந்த ஜோக்கு உன் காரைவிடப் பழசு" என்பாள். டாஃபியோடு திரும்பி வருவான். அதில் அவனுக்கு எவ்வளவு உற்சாகம் என்கிறீர்கள்! எனக்கு வயிறு எரியும்.

கோடையில் இன்னும் மோசம். வெர்னாவிடம் கார் இல்லை, எங்களிடம் இருக்கிறது. அதனால் வெளியே போவதெல்லாம் மூன்று பேராகத்தான். முதல் தடவை காரில் ஏறும்போது அவள் கேட்டாள்: "ஆர்லீன், எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. நான் முன்னாடி உக்காந்துக்கட்டுமா?"

"உக்காரு, உக்காரு. அவளுக்குப் பின்னாடிதான் வசதி" என்றான் நார்ப்.

எனக்குப் பின்னால் வசதி என்று அவனிடம் யார் சொன்னது? அன்றைக்குப் போன முன்சீட்டு இன்றுவரை திரும்பி வரவில்லை. என் சொந்தக் காரில், வெர்னாவின் குடைக்கும் கூடைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? வழி சொன்னேன். "இங்க திரும்பு, அங்க சிக்னல் இருக்கு, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்." முன்னால் இரண்டு தலைகளும் அசையாமல் இருக்கும்.

வியாழக்கிழமைகளில் பூங்காவிலுள்ள திறந்தவெளி நாடக அரங்குக்குப் போவோம். கடைசி வரிசைகள் இலவசம் என்பதால் ஐந்து மணிக்கே பன்றித்தொடை சாண்ட்விச்சும் பைனாகுலருமாகக் கதவருகே நின்றுவிடுவோம். எந்த வரிசையில் தூண் மறைக்காது, எங்கே காற்று வரும் என்பதெல்லாம் வெர்னாவுக்கு அத்துபடி. ஒருநாள் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் நாடகம். பத்தாயிரம் பேர் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். திரும்பிப் பார்த்தால் நார்ப் மேடையைப் பார்க்கவில்லை. வெர்னாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், சிரிக்கிறாளா என்று. நாற்பது வருடக் கல்யாணத்தில் என் முகத்தை அப்படி எதற்காகவும் அவன் காத்துக்கொண்டு பார்த்ததில்லை. அன்று திரும்பும் வழியில் கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தியபோது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து கப்பைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.

அவர்களுக்குள் தப்பாக ஏதாவது இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு சிரிப்புக்காகப் புருஷனோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தச் சிரிப்பு அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் ஜன்னலில் நின்று, சிரிக்காதே வெர்னா, சிரிக்காதே என்று முணுமுணுப்பேன். அவளும் சிரிக்க மாட்டாள். அந்த ஒரு நிமிடம் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன வருடம் ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்னால் துணிக்கூடையோடு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். கீழே பேச்சுச் சத்தம். நார்ப் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, சலவை மெஷினைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

"நான் கார் ஓட்டிட்டுப் போறேன். பின்னாடி ஒரு போலீஸ் வண்டி. மைக்குல கத்தறான், 'வேகத்தைக் குறை! வலது பக்கம் வா! ஓரமா நிறுத்து!' நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன். மூணு மைல் துரத்தி, குறுக்க விட்டு மடக்கிட்டான். 'யோவ், மூணு மைலா கத்திட்டு வரேன், காது கேக்கலையா?' 'கேட்டுச்சு சார். என் பொண்டாட்டி பின்சீட்டுல இருக்கான்னு நெனச்சேன்.'"

என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் ஒரு தலையணை உறையைத் திணித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். தோள்பட்டை குலுங்கி, கண்ணில் நீர் வந்தது. மனுஷனுக்குள் இது எங்கே இருந்தது?

மேலே வந்து காபி போட்டபோதுதான் சுருக்கென்றது. என்னை வைத்து ஒரு ஜோக். அதுவும் என்னைப் பின்சீட்டுக்குத் தள்ளியவளைச் சிரிக்க வைக்க. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஜோக் நன்றாக இருந்தது. நடுவில் இழுவை இல்லை, முடிவு சரியான இடத்தில் விழுகிறது. இதற்கு வெர்னா சிரித்துவிடுவாள். பதினோரு வருடம் தவம் கிடந்தவனுக்கு வரம் கிடைத்துவிடும், என் செலவில்.

ஹாலோவீன் சாயங்காலம் தலை வலிக்கிறது என்றேன்.

"நீ கொஞ்சம் கதவைப் பாத்துக்க நார்ப், நான் மேல போய்ப் படுக்கறேன்."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

மாடிக்குப் போய்ப் பழைய படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டேன். பின்படி வழியாக இறங்கி, சந்து வழியே சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் வெர்னாவின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு டைனோசர், பின்னால் அட்டைப்பெட்டிக்குள் குளிர்சாதனப் பெட்டியாக வந்த ஒரு சிறுமி. அறுபத்தாறு வயதில் பேய் வேஷம். நார்ப் எங்கள் வாசலில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

டைனோசர் டாஃபி வாங்கிக்கொண்டு இறங்கியது. நான் ஏறினேன். வெர்னாவின் கண் மேலிருந்து கீழே வந்து என் காலில் நின்றது.

"சொல்லு ஆர்லீன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இடது ஷூ வெளிப்பக்கமாத் தேஞ்சிருக்கு. இந்தத் தெருவுல நீ ஒருத்திதான் அப்படி நடக்கற. சரி, சொல்லு. பின்னாடி பிள்ளைங்க நிக்குது."

சொன்னேன். நார்ப் சொன்னது அத்தனையும், ஒரு வார்த்தை விடாமல், 'என் புருஷன்' என்று மட்டும் மாற்றிச் சொன்னேன். 'கேட்டுச்சு சார்' என்ற இடத்தில் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். வெர்னா சிரித்தாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பொய்ப்பல் தெரிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். வரிசை முழுக்க ஓவென்று கத்தியது. குளிர்சாதனப் பெட்டிச் சிறுமி என் விரிப்பைப் பிடித்து இழுத்து, "யார் நீங்க? யார் நீங்க?" என்று குதித்தாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. தகுதி பார்த்துக் கொடுத்த சிரிப்பு. இதற்காகவா பதினோரு வருடம் அலைந்தாய் நார்ப், அலையலாம்தான் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

சாக்லேட் கட்டியைக் கொடுக்கும்போது வெர்னா கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "உன் சொந்த ஜோக்கா?"

"பின்ன யாரோடது?" என்றேன்.

வந்த வழியே வீட்டுக்குள் நுழைந்து மாடி ஜன்னலில் நின்றேன். எட்டு மணிக்குக் குழந்தைகள் கலைந்தார்கள். நார்ப் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டு, காகிதப் பையோடு தெருவைக் கடந்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் வாய் அசைந்தது. எந்த இடத்தில் நிறுத்துகிறான், எந்த இடத்தில் கையை ஆட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். கூடவே என் உதடும் அசைந்தது.

பாதியிலேயே வெர்னாவின் முகம் மாறிவிட்டது. அவன் முடித்துவிட்டுக் காத்து நின்றான். பொய்யாகச் சிரித்துவைத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாது. நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். நான் திரையை விட்டுவிட்டேன். மறுபடி விலக்கிப் பார்த்தபோது நார்ப் டாஃபியோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் நடையில் உற்சாகம் இல்லை.

கீழே இறங்கி வந்தேன். சமையலறை மேசையில் டாஃபியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன்.

"இந்த வருஷமும் சிரிக்கலையா?" என்று கேட்டேன். கேட்ட வாயை என்ன சொல்ல?

"இல்ல. இந்த வருஷம் நிஜமாவே நல்லாருக்குன்னு நெனச்சேன்." டாஃபியை மேசையில் உருட்டிக்கொண்டே, "உனக்காகத்தான் பண்ணேன்" என்றான்.

"எனக்கா?"

"வர்ற மாசம் பதினாலாம் தேதி நம்ம நாப்பதாவது கல்யாண நாளு. சர்ச் ஹால்ல எழுவது பேரு வர்றாங்க. நான் எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசணும்ல? உன்னைப் பத்தி ஒரு ஜோக் சொல்லலாம்னு நெனச்சேன். பின்சீட்டுல நீ பேசாம வந்தா எனக்கு வண்டி ஓட்டவே வராது, அதையும் கடைசில சொல்லலாம்னு. ஜோக் தேறுமான்னுதான் மொதல்ல வெர்னாகிட்ட காமிச்சேன்."

"என்கிட்ட சொல்லிப் பாத்திருக்கலாமே?"

"நீ எல்லாத்துக்கும் சிரிப்ப ஆர்லீன்." கோபமாகச் சொல்லவில்லை. "குழாய் ஒழுகுதுன்னு சொன்னாலும் சிரிப்ப. உன்னை வெச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. சரி, போகட்டும். வந்ததுக்கு நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடறேன்."

காபிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்வரை சும்மா இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பேசாமல் இருந்தால் வெர்னாவின் சிரிப்பு எனக்கு மட்டுமே சொந்தம். நார்ப் இனி எதிர் வீட்டு வாசலில் போய் நிற்கவும் மாட்டான். இவ்வளவு நாள் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதானே? அவன் டாஃபித் தாளைப் பிரித்து, சாப்பிடாமல் திரும்பச் சுற்றி வைத்தான்.

ஏப்ரன் பையிலிருந்து சாக்லேட் கட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஒரு ஓரம் உருகியிருந்தது.

"இது உன்னோடது" என்றேன். "உனக்கு முன்னாடியே போய் நான் சொல்லிட்டேன். துணி போட வந்தப்ப கேட்டேன். அவ வரிசையில நின்ன படுக்கை விரிப்புப் பேய் நான்தான்."

நார்ப் கட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் முன்சீட்டைப் பற்றி நாலு வார்த்தை கேட்கத் தயாராக இருந்தேன்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. நாற்காலியப் புடிச்சிட்டு சிரிச்சா."

அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். மேடையைப் பார்க்காமல் வெர்னாவைப் பார்த்த அதே கண்ணால் இப்போது என்னைப் பார்த்தான்.

"எந்த இடத்துல?"

"'கேட்டுச்சு சார்'ல."

"அங்கயா!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "அங்கதான் விழும்னு நானும் நெனச்சேன். அங்கதான்!" என்று மேசையைத் தட்டினான்.

நான் எந்த இடத்தில் சிரித்தேன் என்று மனுஷன் கேட்கவே இல்லை. எனக்கும் அதே இடம்தான்.